ஏழு மாவட்டங்களின் நார்மல்

“அழிச்சது நீ இல்லைன்னா வேற யாரு?”

“நான் தொடவே இல்ல. மெஷினே அழிச்சிருக்கு.”

“மெஷின் சும்மா அழிக்காது மலரு. தான் தப்பா வாசிச்சுட்டோம்னு அதுக்குத் தோணினாத்தான் அழிக்கும்.”

“இது தப்பா வாசிச்சது இல்ல மீரான். இந்த ஒரு எடத்தை நூத்தி இருபது தடவை வாசிச்சிருக்கு. அதுல அறுபத்தி ரெண்டு தடவை இதே எழுத்துதான் வந்திருக்கு. தப்புன்னா இப்படி ஒழுங்கா பாதிக்குப் பாதி வருமா?”

மீரான் கையிலிருந்த தேங்காய் பன்னைக் காகிதத்தில் வைத்துவிட்டு, நாற்காலியோடு உருண்டு வந்து அவளுடைய திரையைப் பார்த்தான். 

மதியம் இரண்டரை மணி. ஆய்வு மையத்தின் மூன்றாம் மாடியில், வாசிப்பு அறையில் அவர்கள் இருவரும் மட்டும்தான் இருந்தார்கள். ஜெபமலரும் நாகூர் மீரானும் எம்.டி. நோயியல் மூன்றாம் ஆண்டு மாணவர்கள். தெற்கே ஏழு மாவட்டங்களுக்கும் சேர்த்துக் கட்டிய மரபணு ஆய்வு மையம் அது. வேலைக்குச் சேர, வண்டி ஓட்ட உரிமம் வாங்க, கல்யாணத்தைப் பதிய என்று எல்லாவற்றுக்கும் மரபணுத் தகுதிச் சீட்டு கேட்கத் தொடங்கிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ரத்தம் உள்ளே போனால் நாற்பது நிமிடத்தில் சீட்டு வெளியே வரும். டாக்டர் செய்ய வேண்டியது கையெழுத்துப் போடுவது மட்டும்.

இப்படியே போனால் டாக்டர்கள் வாசிக்கவே மறந்துவிடுவார்கள் என்று யாரோ பயந்திருக்கிறார்கள். அதனால் ஒரு விதி. இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பழைய கேஸை எடுத்து, மெஷின் கூட்டிக் கழித்துக் கொடுத்ததைப் பார்க்காமல், அது முதலில் வாசித்த மூல எழுத்துகளை ஆரம்பத்திலிருந்து தானே வாசிக்க வேண்டும். அதற்குக் கைவாசிப்பு என்று பெயர். பேரும் ஊரும் நீக்கப்பட்ட கேஸ்கள்தான் கிடைக்கும். ஜெபமலருக்குக் கிடைத்தது இருபத்தொன்பது வயதுப் பெண். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. ஆண்டு விழாவில் விசில் ஊதித் தொடர் ஓட்டத்தைத் தொடங்கிவைத்தவள், உற்சாகத்தில் பிள்ளைகளோடு தானும் ஓடியிருக்கிறாள். வெள்ளைக் கோட்டைத் தாண்டியதும் விழுந்தவள் எழவில்லை. அதற்குப் பதினான்கு மாதம் முன்புதான் இந்த மையம் அவளுக்கு ‘நார்மல்’ என்று சீட்டு கொடுத்திருந்தது.

“இது துடிப்பு ஜீன்தானே?” என்றான் மீரான்.

“ஆமா. சும்மா இருக்கும்போது ஒண்ணும் செய்யாது. ஓடினா, பயந்தா, மேல ஏறினா இதயத் துடிப்பு தாளம் தப்பிரும். முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை. அவ்வளவுதான்.”

“ஒரு மாத்திரையா!” மீரான் பன்னை மறுபடி எடுத்தான், சாப்பிடாமல் கீழே வைத்தான். பிறகு, மனசு கனத்தால் எப்போதும் செய்வதைச் செய்தான். நிமிர்ந்து உட்கார்ந்து, இல்லாத கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டான். “டாக்டர் ஜெபமலர், கன்ட்ரோல்னா என்ன? சுருக்கமா.”

“வெளையாடாத.”

“வெளியூர் எக்ஸாமினர் இப்படித்தான் கேப்பாரு. சொல்லுங்க டாக்டர்.”

“எந்த மெஷினும் சில எடத்துல தப்பா வாசிக்கும். அது எந்தெந்த எடம்னு பிடிக்க, நல்லா இருக்கிற ஒருத்தரோட ரத்தத்தையும் நோயாளி ரத்தத்தோட சேத்து ஓட்டுவோம். அதுதான் கன்ட்ரோல். அவங்களுக்கு நோய் இல்லைன்னு நமக்கு முன்னாலயே தெரியும். அதனால அவங்ககிட்ட ஏதாவது கெட்ட எழுத்து தட்டுப்பட்டா, அது மெஷினோட தப்பு. அதே எழுத்து நோயாளிகிட்ட வந்தாலும் தப்புன்னே எடுத்துக்கிட்டு அழிச்சிரும்.”

“சபாஷ். அந்த நல்லா இருக்கிற ஒருத்தருக்கே அந்த நோய் இருந்தா?”

பதில் சொல்ல வாயெடுத்தவள் திரையின் பக்கம் திரும்பினாள்.

“பாஸா, ஃபெயிலா டாக்டர்?” என்றான் அவன். பிறகு அவனும் திரும்பினான். இருவரும் ஒரே நேரத்தில் திரையின் அடிவரியைப் பார்த்தார்கள். எந்தக் கன்ட்ரோலை வைத்து ஓட்டியது என்று அங்கே சின்ன எழுத்தில் இருக்கும்.

ந-17 என்று இருந்தது.

“அதுதானே எல்லா ஊருக்கும் போவுது,” என்றான் மீரான். “யாரு மலரு அந்த மகராசன்? தான் நல்லா இருக்கேன்னு சொல்லிட்டு ஏழு மாவட்டத்தையும் கவுத்துட்டானே!”

ஜெபமலர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். மூடினாள். அந்த மகராசன் யாரென்று அவளுக்குத் தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன்பு, சேர்ந்த முதல் வாரம், பதினெட்டுப் பேரும் வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தார்கள். மையம் தொடங்கிய நாளிலிருந்து அதுதான் வழக்கம். கன்ட்ரோலுக்கு நல்ல ரத்தம் வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் இளவயதில், மறுக்க முடியாத இடத்தில் இருப்பவர்கள் புதிய மாணவர்கள்தான். ஒவ்வொருவர் கையிலும் மடித்த துண்டுச் சீட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் எண் மட்டும் இருந்தது. யாருடைய எண் எது என்ற பட்டியலை அவர்கள் கண்முன்னாலேயே ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்துக் கொளுத்தினார்கள். அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்று அதற்கும் ஒரு விதி இருந்தது.

பிறகு ஒரு நாள் அறிவிப்புப் பலகையில் வந்தது: ந-17 தேர்வாகியிருக்கிறது. அந்த ரத்தத்தின் செல்களை முடிவில்லாமல் வளரும்படி செய்து, ஏழு மாவட்ட மெஷின்களுக்கும் இனி அதையே கன்ட்ரோலாக அனுப்புவார்கள். அன்று முழுவதும் ஜெபமலருக்குக் கால் தரையில் படவில்லை. அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் அவளுக்கு ஆள் இருக்கவில்லை.

சிஸ்டர்கள் நடத்திய இல்லத்தில் அறுபது பெண் பிள்ளைகளில் ஒருத்தியாக வளர்ந்தவள் அவள். அவளைக் கொண்டுவந்து விட்டுப்போன நாளைத்தான் பிறந்த நாளாகப் பதிவேட்டில் எழுதியிருந்தார்கள். அப்படிப்பட்டவளிடம் ஒரு பலகை, நீதான் ஏழு மாவட்டங்களின் நார்மல் என்று சொன்னது. அதற்குப் பிறகு வாராவாரம் செவ்வாய்க்கிழமை, ஐஸ் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வெள்ளை வேன் கேட்டைத் தாண்டும்போது அவள் ஜன்னலோரம் போய் நிற்பாள். இதோ சங்கரன்கோவிலுக்குப் போகிறேன். இதோ தூத்துக்குடிக்கு. அந்த ஊர்களிலெல்லாம் தனக்கு மனிதர்கள் இருப்பதுபோல அவளுக்குத் தோன்றும்.

இப்போது அவளுக்கு நினைவு வந்தது ரத்தம் கொடுத்த அன்று நிரப்பிய படிவம். ‘குடும்பத்தில் யாருக்கேனும் நோய்’ என்ற கட்டத்தில் அவளுடைய கை தானாகவே எழுதியது: ‘குறிப்பிடும்படி எதுவுமில்லை.’ ஐந்து வருடம் ஆயிரம் கேஸ் ஷீட்டுகளில் எழுதிப் பழகிய வரி. அந்த வரிக்கு, விசாரித்தேன், எதுவும் இல்லை என்று பொருள். அவள் யாரையும் விசாரித்திருக்கவில்லை. தெரியாது என்று எழுதியிருக்க வேண்டும். அப்படி எழுதும் பழக்கம் எந்த டாக்டருக்கும் இல்லை.

அவளுடைய தகுதிச் சீட்டும் நார்மல்தான். போன வருடம் புதுப்பித்தபோது, அவளுடைய ரத்தத்தை அவளுடைய ரத்தத்தோடு ஒப்பிட்டுவிட்டு மெஷின் அப்படிச் சொல்லியிருக்கிறது. தன்னைத் தன்னோடு ஒப்பிட்டால் யார்தான் நார்மல் இல்லை!

“பழைய மூலமெல்லாம் சர்வர்ல இருக்கு,” என்றான் மீரான். “இந்த எழுத்து வேற யாருக்காவது இருந்து அழிச்சிருக்கான்னு தேடிப் பாக்கட்டா?”

“பாரு,” என்றாள்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. வெளியே வெயில் சிமென்ட் நிறத்திலிருந்து மஞ்சளுக்கு மாறிக்கொண்டிருந்தது. மூன்று லட்சம் பேரில் நாற்பத்தியொரு பேர். ஒருத்தரும் விடாமல் அத்தனை பேருக்கும் ‘நார்மல்’ என்று சீட்டு போயிருந்தது. இறப்புப் பதிவோடு சேர்த்துப் பார்த்தார்கள். மூன்று பேர் இல்லை. விளையாட்டு ஆசிரியையையும் சேர்த்துத்தான்.

“முப்பத்தெட்டுப் பேர் எங்கயோ நடமாடிட்டு இருக்காங்க,” என்றான் மீரான் தாழ்ந்த குரலில். “இந்த எழுத்தைச் சுத்தி எல்லாருக்கும் ஒரே பத்தி இருக்கு, பாரு. அச்சடிச்ச மாதிரி. பத்துப் பதினஞ்சு தலைமுறைக்கு முன்னால ஒரே ஆள்கிட்ட இருந்து வந்திருக்கும். கன்ட்ரோலையும் சேத்துப் பக்கத்துல வச்சா…” அவன் விசைகளைத் தட்டினான். ஒரு அட்டவணை விரிந்தது. “ஏ, இங்க பாரேன். மத்தவங்க எல்லாம் தூரத்துச் சொந்தம். இருபத்தி மூணாம் நம்பர் மட்டும் கன்ட்ரோலோட கால்வாசி ஒத்துப்போவுது. தாய்வழி எழுத்தும் அப்படியே இருக்கு. ஆம்பள, இருபத்தஞ்சு வயசு. நம்ம மகராசனுக்கு ஒரு தம்பி இருக்கான்! ஒரே அம்மா. அப்பா வேற.”

“மூடு,” என்றாள் ஜெபமலர்.

“என்ன?”

“உறவு தேடக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. அட்டவணையை மூடு.”

அவன் அவளை விசித்திரமாகப் பார்த்துவிட்டு மூடினான். அந்த ஒரு வரி மூடிய பிறகும் அவள் கண்ணில் நின்றது. எண் இருபத்தி மூன்று. ஆண். இருபத்தைந்து. அவளுக்கு இருபத்தெட்டு.

அன்று இரவு விடுதியில் அவள் வழக்கம்போலச் சாப்பிட்டாள், வழக்கம்போல உறங்கினாள். ஒரே ஒரு வித்தியாசம். படுக்கையில் கிடக்கும்போது தன் இதயத்தை முதல்முறையாக ஒரு அந்நியரைப் போலக் கவனித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து அறையில் வாடகைக்கு வந்திருக்கும் ஆள் எப்போது என்ன செய்வாரோ என்று காது கொடுப்பதுபோல.

மறுநாள் காலை பத்து மணிக்குத் துறைத்தலைவர் சங்கரவடிவு மேடத்தின் அறைக்குப் போனாள். மேடம் ரிப்போர்ட்டுகளைப் படித்தபடி கிண்ணத்திலிருந்து பொரிகடலை தின்றுகொண்டிருந்தார். அவள் சொல்லச் சொல்ல, கிண்ணத்துக்குப் போகும் கை மெதுவாக நின்றது.

“கன்ட்ரோலைத் தேர்ந்தெடுக்கும்போது முழுசாப் பாத்தோமேம்மா?”

“பாத்தோம் மேடம். அப்போ இந்த எழுத்து எந்த நோய்ப் பட்டியல்லயும் இல்ல. ஏதோ தீவுல குடியேறின ஒரு தமிழ்க் குடும்பத்துல வரிசையா ஆள் செத்த பெறகு, போன வருஷம்தான் சேத்திருக்காங்க. நம்ம ஆளுங்க ஜீனை யாரு எண்ணி வச்சிருக்கா?”

“குடும்பத்துல யாருக்கும் எதுவும் இல்லைன்னு வேற எழுதியிருந்ததே. எனக்கு ஞாபகம் இருக்கு.”

“இப்போ என்ன செய்யணும் மேடம்?”

“கமிட்டிக்கு எழுதணும். சென்னையில இருந்து ஆள் வருவாங்க, சரிபாப்பாங்க. அப்புறம்தான் கன்ட்ரோலை நிறுத்தி, பழைய ரிப்போர்ட்டை ரத்து செய்ய முடியும். ஆறு வாரம் ஆகும். தேர்தல் வேற வருது. எட்டுன்னு வச்சுக்க.”

“அதுவரைக்கும் அந்த முப்பத்தெட்டுப் பேர்?”

“அதுவரைக்கும் அவங்க நார்மல்தான். சீட்டு அப்படித்தானே சொல்லுது.” சொன்ன பிறகு மேடத்துக்கே அது பிடிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். “ஒரு வழி இருக்கு. ரத்தம் குடுத்தவங்களே கைப்பட எழுதி, என் மாதிரியை வாபஸ் வாங்குறேன்னு சொன்னா, அந்த நிமிஷமே கன்ட்ரோல் நின்னுரும். அதை வச்சு ஓட்டின ரிப்போர்ட்டும் செல்லாது. மறுபடி ரத்தம் குடுங்கன்னு நாமளே போன் பண்ணிக் கூப்பிடலாம். ஆனா அது யாருன்னு யாருக்குத் தெரியும்? பட்டியலைக் கொளுத்திட்டோமே.”

மின்விசிறி சுற்றியது. ஜெபமலர் தனக்குள் கணக்குப் போட்டாள். எழுதிக் கொடுத்தால் அவளுடைய சீட்டு ரத்தாகும். சீட்டு இல்லாமல் அரசு வேலை கிடையாது. திடீர் மரண ஆபத்து உள்ளவர் என்று பதிவானால் தனியாக அறை எடுத்துத் தங்கக்கூட முடியாது. ரத்த உறவு ஒருவர் பொறுப்பாளராகக் கையெழுத்துப் போட வேண்டும். அப்படி ஒரு கையெழுத்துக்கு உலகத்தில் அவளுக்கு யாரும் இல்லை. நேற்று மதியம் வரை இல்லை.

எழுதாமல் விட்டால் எதுவும் ஆகாது. மாத்திரையை அவளே வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

“எட்டு வாரத்துல எத்தனை பேர் பஸ் பிடிக்க ஓடுவாங்க மேடம்?”

“என்னம்மா கேக்குற?”

“நான்தான் மேடம். ந-பதினேழு.”

சங்கரவடிவு மேடம் எழுந்து மேசையைச் சுற்றி வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார். “உக்காரு” என்றார். மூன்று வருடத்தில் அந்த அறையில் மாணவர் யாரையும் அவர் உட்காரச் சொன்னதில்லை. அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நாடியை எண்ணினார்.

“படியேறியா வந்த?”

“ஆமா மேடம். எப்பவும் அப்படித்தானே.”

“லிஃப்ட்ல வந்திருக்கலாமில்லம்மா?” அந்தக் குரலை ஜெபமலருக்குத் தெரியும். வார்டில் நோயாளிகளிடம் பேசும் குரல். ஒரு நிமிடத்துக்கு முன்புவரை அவள் மேசையின் டாக்டர் பக்கத்து ஆள்.

“நீ சொன்னது என் காதுல விழலன்னு வச்சுக்கலாம்,” என்றார் மேடம், கையை விடாமல். “நெசமாத்தான் சொல்றேன். இன்னும் மூணு மாசத்துல பரீட்சை. யோசிச்சுக்க.”

“ஒரு வெள்ளைத் தாள் குடுங்க மேடம்.”

எழுதி முடிக்க மூன்று வரிதான் ஆயிற்று. எண் எழுதிய பழைய துண்டுச் சீட்டை அதோடு இணைத்தாள். கையெழுத்தின் கீழே முகவரி எழுதும் இடத்தில் விடுதி அறை எண்ணை எழுதினாள். அந்த அறையில் இன்னும் எத்தனை நாள் என்று தெரியவில்லை.

மதியத்துக்குள் செய்தி மாடி மாடியாக ஏறிவிட்டது. வாசிப்பு அறைக்குள் மீரான் இரண்டு தேநீரோடு வந்தான். அவள் முன்னால் ஒன்றை வைத்துவிட்டு, நின்றபடியே இருந்தான்.

“நேத்து மகராசன் அது இதுன்னு…”

“மகராசின்னு சொல்லியிருக்கணும்.”

அவன் சிரிக்க முயன்றான், வரவில்லை. “கவுத்துட்டான்னு சொன்னேனே மலரு! என் வாய்ல மண்ணு விழ.” பிறகு சட்டென்று ஏதோ உறைத்தவன்போல நிமிர்ந்தான். “அப்போ இருபத்தி மூணு…”

“சட்டம் இருக்கு மீரான்.”

“சட்டம் கெடக்கு. ஒனக்குன்னு ஒரு கையெழுத்துப் போட ஆளு…”

“அந்தாளுக்கு நான் யாருன்னு தெரியாது. தெரிஞ்சுக்கணும்னு கேக்கவும் இல்ல. மரபணு சோதிக்க ரத்தம் குடுத்தவன்கிட்ட, நான் உன் அக்கான்னு போய் நிக்க முடியுமா? நிக்கக் கூடாதுன்னுதானே சட்டம் போட்டிருக்கு. அந்த முப்பத்தெட்டுப் பேர் பட்டியலை எடு. நீ முதல் பாதி.”

“இருபத்தி மூணு யாருக்கு?”

“எனக்கு.”

மறு மாதிரி கேட்கும் போன் என்பது அந்த மையத்தில் தினமும் நடப்பதுதான். முதலாண்டு மாணவர் தலையில்தான் வழக்கமாக விழும். சொல்ல வேண்டிய வாசகம் அச்சடித்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது: உங்கள் மாதிரி சரியாக வாசிக்கப்படவில்லை, மீண்டும் ரத்தம் தர வேண்டும். இன்று அதோடு இன்னொரு வரியை மேடம் சேர்த்துக் கொடுத்திருந்தார்: அதுவரை ஓட வேண்டாம், பாரம் தூக்க வேண்டாம், உயரத்தில் ஏற வேண்டாம்.

கோவில்பட்டியில் கடலைமிட்டாய்க் கடைக்காரர் ஒருவர், “எதுக்கும்மா பயமுறுத்துத? நாளைக்கு வாறேன்” என்றார். ஒரு பெண், கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியுமா என்று மூன்று முறை கேட்டாள். ஒரு கல்லூரி மாணவன், கபடி செமி ஃபைனல் முடிந்ததும் வருகிறேன் என்றான். அவனுடைய அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, அந்த அம்மா அழும்வரை ஜெபமலர் பேசினாள். ஒவ்வொரு குரலிலும் அவளுக்குத் தூரத்துச் சொந்தம் யாரோ இருந்தார்கள். அவர்கள் ‘யாரு பேசுதது?’ என்று கேட்டார்கள். அவள் மையத்தின் பேரைச் சொன்னாள்.

நாலு மணிக்கு இருபத்தி மூன்றாம் எண்ணுக்கு வந்தாள். ரிப்போர்ட் செல்லாமல் போனதால் பேர் திறந்திருந்தது. இசக்கிராஜ். ஆரல்வாய்மொழி. தொழில்: காற்றாலைப் பராமரிப்பு.

மணி நீண்ட நேரம் அடித்தது.

“ஹலோ! யாரு?” பின்னால் காற்று கிழித்துக்கொண்டிருந்தது.

அவள் வாசகத்தை ஒரு சொல் பிசகாமல் சொன்னாள்.

“ரத்தமா? நான் குடுத்து ரெண்டு வருசமாச்சே மேடம். நார்மல்னு சீட்டும் வந்துட்டு. அதைக் காட்டித்தானே வேலைக்கே சேந்தேன். என்ன, போன்ல ஓ.டி.பி. கேக்கப் போறியளா?”

“இல்ல. நெசமாவே ஆய்வு மையம்தான். நீங்க இப்போ எங்க இருக்கீங்க?”

“ஆகாசத்துல.” அவன் சிரித்தான். “டவருக்குள்ள பாதி ஏறி நிக்கேன். உள்ள லிஃப்ட் ரிப்பேர். அந்த லிஃப்டைச் சரி பண்ண ஏணியில ஏற வேண்டியிருக்கு. எப்படி இருக்கு பாருங்க பொழப்பு!”

ஜெபமலரின் பேனா தாளில் அழுந்தியது. “எவ்வளவு ஏறியிருக்கீங்க?”

“அறுவது மீட்டர் இருக்கும். இன்னும் அம்பது. மூச்சு வாங்க இங்க ஒரு பலகை இருக்கு, அதுல உக்காந்திருக்கேன். சன்னல் மாதிரி ஒரு ஓட்டை. மலை தெரியுது.”

“மூச்சு மட்டும் வாங்குதா? நெஞ்சு படபடன்னு வருமா?”

“எல்லாருக்கும் வரத்தானே செய்யும்? ஒரு தடவ கண்ணு இருட்டிட்டு வந்துது. பெல்ட் மாட்டியிருந்தேன். ஒண்ணும் ஆவல.”

அவள் கண்களை மூடித் திறந்தாள். அடுத்து கேட்க வேண்டியது எது என்று எந்த டாக்டருக்கும் தெரியும். “வீட்டுல யாராவது திடீர்னு தவறினாங்களா?”

“எங்கம்மதான்.” குரல் கொஞ்சம் தணிந்தது. “நாப்பத்தோரு வயசு. நாகர்கோயில் பஸ்ஸுக்கு ஓடினா. பிடிச்சும் ஏறிட்டா. சீட்டும் எடுத்துட்டா. அப்படியே கம்பியில சாஞ்சுட்டா. தூங்குதான்னு நெனச்சு டெப்போ வரைக்கும் யாரும் எழுப்பல.”

வாசிப்பு அறையில் மீரான் எதிர்மேசையில் யாரிடமோ உரக்கப் பேசிக்கொண்டிருந்தான். ஜெபமலர் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பேருந்துக் கம்பியில் சாய்ந்த ஒரு தலை. இத்தனை வருடங்களில் அவளிடம் வந்து சேர்ந்த முதல் படம் அது.

“மேடம்? இருக்கியளா?”

“இருக்கேன். வீட்டுல இப்போ கூட யாரு?”

“யாருமில்ல. நானும் ஒரு நாயும்.”

“கூடப் பிறந்தவங்க?”

“ஒத்தப் பிள்ள மேடம்.”

அதை அவள் எழுதிக்கொள்ளவில்லை. மேலேயிருந்து யாரோ கத்துவது கேட்டது. “ஏல இசக்கி! செத்துட்டியால?”

“வாறேம்ல!” என்று பதிலுக்குக் கத்தினான். “மேடம், ராபின் கூப்பிடுதான். அஞ்சு நிமிசம், ஏறிருவேன். நாளைக்கோ நாளக்கழிச்சோ வந்து ரத்தம் தாறேன். வைக்கட்டா?”

“ஏறாதீங்க.”

“என்ன மேடம்?”

“இதுக்கு மேல ஏறாதீங்க. உங்க அம்மாவுக்கு இருந்ததுதான் உங்களுக்கும் இருக்கு. ஒரு மாத்திரையில சரியாப்போவும். ஆனா இன்னிக்கு ஏறக் கூடாது. ராபினைக் கீழ வரச் சொல்லுங்க, அவரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, நின்னு நின்னு மெதுவா இறங்குங்க.”

அவன் மறுபடி சிரித்தான். கோபமில்லாத, கொஞ்சம் களைத்த சிரிப்பு.

“சீட்டு குடுத்ததும் நீங்கதான். இப்ப இல்லைங்கியதும் நீங்கதான். பாதியில எறங்கினா சூப்பர்வைசர் நாளைக்கு வேற ஆளப் போட்டுருவான். எனக்காவ இவ்வளவு பதறுதிய… நீங்க யாரு மேடம் எனக்கு?”

கண்ணாடிக்கு அடியில் அச்சடித்த வாசகம் இருந்தது. இந்தக் கேள்விக்கு அதில் பதில் இல்லை. போனில் இரும்பில் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. அவன் எழுந்து, பெல்ட்டின் கொக்கியை மேலே அடுத்த படியில் மாட்டுகிறான்.

“தம்பி,” என்றாள் ஜெபமலர். “இறங்கி வா.”